1946 செஸ்னா 140-இன் அலுமினிய பேனலில் விரிசல்: ஒட்டுப் போடுவதா, புதுத் தகடு வெட்டுவதா?

நீங்கள் கேட்டது அமெரிக்காவில் பதிவான 1946 செஸ்னா 140 என்ற சிறு விமானத்தின் கருவிப் பலகை (பேனல்) பற்றி. ரேடியோவுக்காக யாரோ வெட்டிய சதுர ஓட்டையின் மூலையிலிருந்து விரிசல் ஓடியிருக்கிறது, அதைச் சுற்றி இப்போது பயன்படாத ஓட்டைகள் வேறு நிறைய இருக்கின்றன, பேனலைச் சரி செய்வதா மாற்றுவதா என்கிறீர்கள். நான் அங்கே ஏ அண்ட் பி என்ற விமான மெக்கானிக் உரிமத்தோடு பழைய சிறு விமானங்களில் வேலை பார்க்கிறவன். இந்த வயது விமானங்களில் இது அடிக்கடி வரும் வேலை.

விரிசல் மட்டும்தான் பிரச்சினை என்றால் சரி செய்யுங்கள். பேனல் சல்லடையாகிவிட்டது என்றால் புதுத் தகடு போடுங்கள். ஆனால் எதைச் செய்தாலும் விரிசல் ஏன் வந்தது என்று முதலில் பாருங்கள். அதை விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் மாற்றினால் புதுத் தகடும் விரியும்.

சதுர ஓட்டையின் மூலை கூராக இருந்தால் அழுத்தம் முழுவதும் அங்கே போய்ச் சேரும். சி-85 போன்ற நாலு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு வருடக்கணக்கில் அந்த மூலையைத் தட்டிக்கொண்டே இருக்கும். இது ஒரு காரணம். இன்னொன்றைப் பலர் பார்ப்பதே இல்லை: ரப்பர் மவுன்ட். கருவிகள் இருக்கும் தகடு ரப்பர் மவுன்ட்களில் தொங்கும் அமைப்பு என்றால், அந்த ரப்பர் காலப்போக்கில் இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அதிர்வைத் தாங்க எதுவும் இல்லை, எல்லாம் தகட்டுக்கே போகும். விரலால் அழுத்திப் பாருங்கள், அசையவில்லை என்றால் எல்லா மவுன்ட்களையும் மாற்றுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் எடையைக் கூட்டிப் பார்த்து, அதைத் தாங்கும் அளவு மவுன்ட் வாங்குங்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் பேனலுக்கும் உடற்கூட்டுக்கும் நடுவே பின்னல் கம்பியால் ஆன பாண்டிங் பட்டை இருக்க வேண்டும். பழைய விமானங்களில் அது அறுந்து போயிருக்கும், ரேடியோவில் வரும் இரைச்சலுக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

அடுத்து, வெட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்தத் தகடு விமானத்தின் பாரம் தாங்கும் கட்டமைப்பில் சேருமா? சில விமானங்களில் நிலையான பேனல் உடற்கூட்டை இருபக்கமும் இணைக்கிற உறுப்பு. அதன் நடுவை வெட்டி எடுத்துவிட்டுத் திருகில் கழற்றும் தகடு ஒன்றைப் போட்டால், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கட்டமைப்பையே மாற்றிவிட்டீர்கள். அது பெரிய மாற்றம்: அனுமதி பெற்ற தகவலும் அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-வின், பெரிய மாற்றங்களைப் பதிவு செய்யும் படிவம் 337-ம் தேவை. ஐஏ அங்கீகாரம் (பெரிய மாற்றங்களைச் சோதித்து ஒப்புதல் தரும் தகுதி) உள்ள மெக்கானிக்கை வேலை முடிந்த பிறகு கூப்பிடாமல், முதல் நாளே கூப்பிட்டுக் காட்டுங்கள். முடிந்த வேலையைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் நல்ல மெக்கானிக் யாரும் போட மாட்டார்.

சரி செய்யும் வழிக்கு வருவோம். வழிகாட்டி எஃப்ஏஏ-வின் ஏசி 43.13-1பி என்ற ஆலோசனைச் சுற்றறிக்கை. விரிசலின் முனையைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். பெயின்ட்டை நீக்கி, சாயம் ஊடுருவும் சோதனை (விரிசலுக்குள் சாயத்தை இறக்கிக் காட்டும் முறை) செய்து, உண்மையான முனை எங்கே என்று குறித்துக்கொண்டு அங்கே சிறு துளை போடுங்கள். துளை விரிசலை நிறுத்துமே தவிர பலத்தைத் திருப்பித் தராது. பின்பக்கம் அதே உலோகத்தில், அதே கனத்தில் அல்லது ஒரு படி கூடுதல் கனத்தில் ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். ரிவெட்டின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை குறைந்தது ரிவெட் விட்டத்தின் 2 மடங்கு, ரிவெட்டுக்கு ரிவெட் 3 மடங்கு இடைவெளி வேண்டும். 1/8 அங்குல ரிவெட் என்றால் விளிம்பிலிருந்து 1/4 அங்குலம். சதுர மூலையை அரத்தால் வட்டமாக்கி, விளிம்பை மழமழவென்று தேயுங்கள். முன்பக்கம் தெரியக்கூடாது என்றால் தலை பதியும் 100 பாகை ரிவெட். வெல்டிங் வேண்டவே வேண்டாம். 2024 ரக அலுமினியம் சாதாரண வெல்டிங்குக்கு ஒத்துவராது, சூடு பட்ட இடத்தில் பலமும் போய்விடும்.

புதுத் தகடு என்றால் என்ன உலோகம்? பழைய வரைபடத்தில் 24எஸ்-டி என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 1954-இல் நான்கு இலக்கப் பெயர்கள் வந்த பிறகு அதுதான் 2024. இன்று 2024-டி3 ஆல்கிளாட் (மேலே தூய அலுமினியப் பூச்சுள்ள தகடு) என்று கேட்டு வாங்கலாம். கனத்தைப் பழைய தகட்டில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெர்னியரால் அளந்து பாருங்கள். பேனல்களில் 0.063 அங்குலம் முதல் 0.090 அங்குலம் வரை சாதாரணமாகப் பார்க்கலாம். கீழ் விளிம்பை மடிக்க வேண்டியிருந்தால் கூர்மையாக மடிக்காதீர்கள். 2024-டி3-இல் மடிப்பின் உள் ஆரம் தகட்டின் கனத்தைப் போல் மூன்று நான்கு மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே விரியும்.

வெட்டுவதற்கு வாட்டர்ஜெட் எனக்குப் பிடித்த முறை. லேசர் வேகமானதுதான், ஆனால் வெட்டிய விளிம்பு சூட்டில் கெட்டுப்போயிருக்கும், அந்த விளிம்பைத் தேய்த்து எடுத்தாக வேண்டும். பெயின்ட் விஷயத்தில் பவுடர் கோட்டிங் பார்க்க ஆசையாக இருக்கும். அந்த அடுப்பு 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும், அந்தச் சூட்டில் 2024-டி3-இன் பதம் மாறிவிடும். கட்டமைப்பில் சேரும் தகட்டுக்கு அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல பிரைமர் அடித்து, அந்தக் காலத்துச் சுருக்கப் பெயின்ட் அடியுங்கள், 1946 விமானத்துக்கு அதுதான் பொருத்தமும்கூட.

உலோகத்தைத் தொடும் முன் அட்டையில் ஒரு பேனல் வெட்டி விமானத்தில் மாட்டி, இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். கருவி ஓட்டைகள் பெரும்பாலும் 3 1/8, 2 1/4 அங்குலம் என்ற இரண்டு அளவுகளில் வரும், அதனால் முகப்பு எளிது. சிக்கல் பின்பக்கத்தில்தான். புது ரேடியோ நீளமாக இருந்து, கட்டுப்பாட்டுத் தண்டின் பாதையில் முட்டினால் அது உயிர் போகும் விஷயம். யோக்கை (விமானத்தைத் திருப்பும் கைப்பிடிச் சக்கரத்தை) முழுவதும் முன்னே, முழுவதும் பின்னே, இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எல்லாக் கருவிகளையும் மாட்டி முடித்த பிறகு மறுபடியும் அதே சோதனை.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. 1940களின் கருவிகளில் இரவில் ஒளிரும் எண்களில் ரேடியம் பூசியிருக்கலாம். இப்போது ஒளிரவில்லையே என்று நினைக்காதீர்கள்: தீர்ந்துபோனது ஒளிரும் பூச்சுதான். ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள், அது அப்படியே இருக்கிறது. கண்ணாடியைத் திறக்காதீர்கள், எண்களைச் சுரண்டாதீர்கள், உடைந்திருந்தால் அதற்கென்று உரிமம் உள்ள பட்டறைக்குச் சொல்லுங்கள். அப்புறம் வேகமானிக்கும் உயரமானிக்கும் காற்றழுத்தம் கொண்டு வரும் பிடாட் குழாய், ஸ்டாட்டிக் குழாய் இரண்டுக்கும் கழற்றும் முன்பே பெயர்ச்சீட்டு கட்டி, வாயை மூடிவிடுங்கள்.

காகித வேலையைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், உண்மையில் இங்கே உரிமையாளருக்கு நல்ல வழி இருக்கிறது. 14 சிஎஃப்ஆர் 21.9 என்ற அமெரிக்க விமான விதிப்படி உங்கள் சொந்த விமானத்துக்கான பாகத்தை நீங்களே தயாரிக்கலாம். வெளியே கொடுத்து வெட்டினாலும் பரவாயில்லை, வடிவமைப்புத் தகவல், பொருள், செய்முறை, தரச் சோதனை முறை, இவற்றில் ஒன்றையாவது நீங்கள் தந்திருக்க வேண்டும், அல்லது வேலையை நேரில் மேற்பார்வை பார்த்திருக்க வேண்டும். அந்தப் பாகத்தை மற்றவர்களுக்கு விற்க முடியாது. பழைய தகட்டின் நகல் என்று நிரூபிக்கப் பழைய தகடு கையில் இருக்க வேண்டும், அதனால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். பொருள் மாற்றம் பற்றிப் பழைய விமானங்களுக்கென்றே 2009-இல் வந்த ஏசி 23-27-ஐயும் படித்துப் பாருங்கள். இன்டர்நேஷனல் செஸ்னா 120-140 அசோசியேஷனில் இதே விமானம் வைத்திருப்பவர்களிடமும் கேட்கலாம்.

மாட்டும்போது திசைகாட்டிக்குப் பக்கத்தில் எஃகுத் திருகு வேண்டாம், பித்தளையில் 6-32 திருகுகள் கிடைக்கும். மாட்டி முடித்ததும் திசைகாட்டியைச் சரிபார்த்துப் புது விலகல் அட்டை (திசைகாட்டி எத்தனை பாகை தப்பாகக் காட்டுகிறது என்ற குறிப்பு) எழுத வேண்டும். ஸ்டாட்டிக் குழாயைப் பிரித்ததால் கசிவுச் சோதனை உண்டு: பாதரச அளவில் 1 அங்குலம் உறிஞ்சி வைத்தால், ஒரு நிமிடத்தில் ஆல்டிமீட்டர் (உயரமானி) 100 அடிக்கு மேல் இறங்கக்கூடாது. பழைய ரேடியோக்களை எடுத்துவிட்டால் எடைக் கணக்கும் கருவிப் பட்டியலும் மாறும், அதையும் எழுதிவிடுங்கள்.

உங்கள் பேனலின் பின்பக்கப் படம் ஒன்று போடுங்கள். விளிம்பு உடற்கூட்டோடு ரிவெட்டில் இருக்கிறதா, திருகில் இருக்கிறதா என்று தெரிந்தால் உங்கள் மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.