நண்டை உடைத்தால் ரத்தம் வருவதில்லையே, ஏன்?

மீனை வெட்டினால் பலகை சிவந்துவிடுகிறது, நண்டை உடைத்தால் வெறும் தண்ணீர்தான் வருகிறது, நண்டுக்கு ரத்தமே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர்தான் அதன் ரத்தம்.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோது, வீட்டில் அம்மா நண்டு சுத்தம் செய்யும் நேரத்தில், ஒடித்த காலிலிருந்து வடிந்ததை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் லேசாக நீலம் ஏறியது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு உள்ள ஹீமோகுளோபின். நண்டுக்கு அந்த வேலையைச் செய்வது செம்பு உள்ள ஹீமோசயனின். ஆக்சிஜன் சேர்ந்தால் நீலம், இல்லாவிட்டால் நிறமே தெரியாது. வேகவைத்த நண்டின் ஓட்டுக்குள் தயிர்க்கட்டி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அது உறைந்துபோன இந்த ரத்தம்தான்.

நிறத்தைவிட அது ஓடும் வழிதான் எனக்குப் பிடித்த விஷயம். நண்டின் இதயம் முதுகோட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் ரத்தம் கொஞ்ச தூரம் குழாயில் போகும். அப்புறம் மடை திறந்த வாய்க்கால் தண்ணீர் போலச் சதைகளுக்கு நடுவே பரவிவிடும். பிறகு செவுளுக்குப் போய் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு இதயத்துக்குத் திரும்பும். இதுதான் பாடப்புத்தகம் சொல்லும் திறந்த வகை.

மீனில் ரத்தம் குழாயை விட்டு வெளியே வராது, அது மூடிய வகை. வரிசையும் தலைகீழ். செவுளை ஒட்டித் தொண்டைக்குக் கீழே இருக்கும் சின்ன இதயம், ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை முதலில் செவுளுக்குத் தள்ளுகிறது. அங்குள்ள நுண்குழாய்களில் நுழைந்து வெளியே வருவதற்குள் அழுத்தம் நன்றாகக் குறைந்துவிடும். மிச்சமிருக்கும் வேகத்தில்தான் வால் வரை போய்ச் சேர வேண்டும். நம் இதயத்தில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அது ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள். வலது பக்கம் நுரையீரலுக்கு 25 மி.மீ. பாதரச அழுத்தத்தில் மென்மையாக அனுப்புகிறது. திரும்பி வந்ததை இடது பக்கம் வாங்கி 120 அளவில் உடலுக்குத் தள்ளுகிறது.

சரி, திறந்த வகை என்றால் கீழ்நிலை, மூடிய வகை என்றால் மேல்நிலை என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அதை நான் ஏற்பதில்லை. மண்புழுவுக்கு மூடிய வகை. அவ்வளவு வேகமாகப் பறக்கிற தும்பிக்குத் திறந்த வகை! தும்பிக்கு ஆக்சிஜன் தனிக் காற்றுக் குழாய்கள் வழியாகவே தசைக்குப் போய்விடுவதால், ரத்தம் அதைச் சுமந்து ஓட வேண்டிய அவசரம் இல்லை.

கணவாயைப் பாருங்கள். அதன் உறவுக்காரர்களான சிப்பிக்கும் நத்தைக்கும் திறந்த வகைதான். ஆனால் துரத்தி இரை பிடிக்கிற கணவாய்க்கு அது போதாது. அதனால் மூடிய குழாய்கள், கூடவே மூன்று இதயங்கள். செவுளுக்கு ஒன்றாக இரண்டு, உடலுக்கு ஒன்று. மீனுக்குச் செவுளில் போய்விடும் அழுத்தத்தை இது மூன்றாவது இதயத்தில் மீட்டுக்கொள்கிறது. நம் உடல் இரண்டு பம்பை ஒட்டவைத்துச் செய்த அதே வேலை.

அடுத்த முறை முழுக் கணவாய் வாங்கினால், குடலைப் பிடுங்குவதற்கு முன் வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் மெதுவாகக் கீறித் திறந்து பாருங்கள். இறகு போல இரண்டு செவுள்கள் தெரியும். ஒவ்வொன்றின் அடியிலும் வெளிறிய சின்னப் பொத்தான் மாதிரி இருப்பது ஓர் இதயம்.