இடுப்பெலும்பில் கட்டி: எடுத்த பிறகு மேட்டில் ஏறி நடக்க முடியுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் கணவருக்கு வயது 46. ஒரு வருடமாக இடது இடுப்பில் வலி. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் எடுத்து, மூட்டுக் கிண்ணத்தில் (தொடை எலும்பின் தலை பொருந்தும் குழியில்) ‘காண்ட்ரோசார்கோமா’ என்கிறார்கள். அந்த எலும்பை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டுமாம். பக்கத்து லைனில் ஒரு அம்மா இடுப்பு மூட்டு மாற்றி மூன்றாம் நாளே நடந்தார். இவரும் நடப்பாரா? கீமோவில் கரைக்க முடியாதா? காலையே எடுத்துவிடுவார்களோ?

பதில்: அந்த அம்மாவோடு ஒப்பிடாதீர்கள். அவருக்குத் தேய்ந்த மூட்டை மட்டும் மாற்றினார்கள். அதைத் தாங்கும் இடுப்பெலும்பு அப்படியே இருந்தது. உங்கள் கணவருக்கு எடுக்கப்போவது அந்தத் தாங்கும் எலும்பையே. பல மணி நேரம் நடக்கும், ரத்தம் நிறைய ஏற்ற வேண்டிவரும் பெரிய ஆபரேஷன் இது.

கீமோ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இளம் வயதில் வரும் யூவிங் கட்டி, ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்கள் இரண்டுக்கும் கீமோ கொடுத்த பிறகே கத்தி வைப்போம். இவருடையது குருத்தெலும்பு வகைப் புற்றுநோய். வழக்கமான காண்ட்ரோசார்கோமா கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் பெரும்பாலும் அசைந்துகொடுக்காது. ஆபரேஷன்தான் வழி, அதுவும் முதல் முறையே சரியாக அமைய வேண்டும். கவாத்து செய்ததுபோல மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும். அதனால் கட்டியைத் தொடாமல், சுற்றியுள்ள நல்ல சதையோடும் பயாப்ஸி ஊசி போன பாதையோடும் சேர்த்து எடுப்பார்கள்.

கால் விஷயத்துக்கு வருவோம். மூட்டு, தொடையின் முன்பக்க நரம்பும் ரத்தக்குழாயும், பின்பக்க சியாட்டிக் நரம்பு, இந்த மூன்றில் இரண்டு போகுமென்றால் காலைக் காப்பாற்றியும் பெரிய பயனில்லை என்பது எங்கள் பழைய கணக்கு. எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துக்கொண்டு சர்ஜனிடம் இதை நேராகவே கேளுங்கள். இன்று பெரும்பாலானவர்களுக்குக் காலைக் காப்பாற்ற முடிகிறது.

எடுத்த இடத்தில் என்ன வைப்பது? சிலருக்கு அளவெடுத்து 3டி பிரிண்டரில் அச்சிட்ட டைட்டானியம் எலும்பு. சிலருக்கு, வெட்டிய எலும்பையே வெளியே வைத்து, உடம்புக்குள் கொடுக்க முடியாத அளவு அதிகக் கதிர்வீச்சு கொடுத்துத் திரும்பப் பொருத்துவார்கள். இன்னும் சிலருக்கு எதுவுமே வைக்காமல், தொடை எலும்பின் தலையை மேலே ஏற்றி மீதி எலும்போடு ஒட்டவிடுவதும் உண்டு. கால் சில சென்டிமீட்டர் குட்டையாகும், செருப்பில் அடி உயர்த்தித் தைத்துக்கொள்ள வேண்டியதுதான். கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் உலோகம் பெரிதாகப் பெரிதாகத் தொற்றும் மூட்டு நழுவலும் கூடும். சீழ் பிடித்தால் வைத்ததையே கழற்ற நேரிடும். விலை கூடிய இம்ப்ளான்ட்தான் நல்லது என்று நினைக்காதீர்கள்.

நடப்பாரா? நடப்பார். வாரக்கணக்கில் வாக்கர், பிறகு மாதக்கணக்கில் ஊன்றுகோல். பலர் வெளியே போகும்போது கோலை விடுவதேயில்லை, விந்தலும் கொஞ்சம் மிஞ்சும். கூடையோ மூட்டையோ சுமந்து சரிவில் இறங்கும் வேலை இனி வேண்டாம். ஃபேக்டரியில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்குமா என்று இப்போதே பேசிவையுங்கள்.

வீட்டையும் தயார் செய்ய வேண்டும். மழையில் பாசி பிடிக்கும் வாசல் படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி. குத்தவைக்கும் கழிப்பறையில் மூட்டு நழுவலாம், நாற்காலி வகை கட்டாயம். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வராமல், காரின் முன்சீட்டைப் பின்னால் சாய்த்து, இடுப்பு முழங்காலுக்கு மேலே இருக்கும்படி தலையணை வைத்து உட்காரவையுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் நுரையீரல் சி.டி. பார்த்தாயிற்றா என்று உறுதிசெய்யுங்கள். இந்த நோய் பரவினால் முதலில் போவது பெரும்பாலும் அங்கேதான். இதை அடிக்கடி செய்யும் குழுவிடம் போவது முக்கியம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் செய்கிறார்கள். போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பயாப்ஸியின் கண்ணாடி ஸ்லைடுகளையும், சதைத் துண்டைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் மறுபடி பார்ப்பார்கள். முதல்வரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. இம்ப்ளான்ட் அதில் எவ்வளவு அடங்கும் என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், தைலம் தேய்ப்பதையும் நீவிவிடுவதையும் இன்றோடு நிறுத்துங்கள்.