குழாயடியில் ஒரு கேள்வி

கேள்வி: சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்திருக்கும் என் மாமியார் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிப்பதில்லை. மழை பொய்த்தால் இங்கும் லாரித் தண்ணீர்தானா என்று கேட்கிறார்.
- வாசகி, ஈசூன்

பதில்: காய்ச்ச வேண்டியதில்லை அம்மா, குழாயில் பிடித்து அப்படியே குடிக்கலாம். ஆனால் அவருடைய பயத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

1963-ல் இங்கும் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. நான் சிறுவன். அம்மா அண்டா, குண்டான், என் பால் டம்ளர் வரை நிரப்பி, ஈரத்துணியால் மூடி வைப்பார். அரிசி களைந்த நீர் துளசிக்குப் போகும். அந்தத் துணியின் வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

இப்போது நிலைமை வேறு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஐந்து இருக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்த நியூவாட்டர் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வறட்சியில் நீர்த்தேக்கங்களிலும் கலக்கிறார்கள். இவை இரண்டும் மழையை நம்பியில்லை.

மலேசியாவிலிருந்து நமக்குத் தண்ணீர் தரும் ஜொகூர் ஆறு அப்படியல்ல. கடலின் உப்பு ஆற்றில் ஏறாதபடி தண்ணீர் திறந்துவிடுவது லிங்கியூ அணை. 2016 அக்டோபரில் அதன் நீர் இருப்பு கொள்ளளவில் சுமார் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்தச் செய்தி படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

சரி, லாரி வராது என்று மாமியாரிடம் சொல்லுங்கள். அரிசி களைந்த நீரை அவர் செடிக்கு ஊற்றினால் தடுக்காதீர்கள்.