ஞாயிற்றுக்கிழமை ஏறக்கட்டியது புதன்கிழமைக்குள் மறுபடி அடைசல்: என்ன செய்யலாம்?

கேள்வி: மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் இரண்டு பெட்ரூம் வாடகை வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் எங்களோடு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஏறக்கட்டுகிறேன். புதன்கிழமைக்குள் சாப்பாட்டு மேஜை, நாற்காலி, சமையல் மேடை எல்லாம் பழையபடி அடைசலாகிவிடுகிறது. சுவரில் ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் சம்மதிக்க மாட்டார். மூவாயிரம் ரூபாய்க்குள் ஏதாவது வழி உண்டா? பரண் முழுக்க மாமியாரின் பித்தளைப் பாத்திரங்களும் கொலு பொம்மைகளும் இருக்கின்றன. அவற்றை எப்படி வைப்பது?

பதில்: மூவாயிரம் தாராளம். ஆனால் இந்த வாரம் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். ஞாயிறு முழுக்க உழைத்தும் வீடு மூன்று நாள்கூடத் தாங்கவில்லை என்றால் உங்கள் உழைப்பில் குறை எதுவும் இல்லை. பொருள்களுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இடம் ஒன்று, அவை தினமும் கையை விட்டு இறங்கும் இடம் வேறொன்று. சாவி பீரோவுக்குள் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அலுத்துப்போய் உள்ளே வருபவர் கைக்கு எட்டுவது சாப்பாட்டு மேஜைதான். ஐந்து பேரின் பழக்கத்தை மாற்றுவதைவிட சாவியின் இடத்தை மாற்றுவது சுலபம்.

அதனால் முதல் மூன்று நாள் எதையும் ஒதுக்காமல் கவனியுங்கள். இரவு படுக்கப் போகும் முன் எங்கே என்ன கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மேஜைமேல் சாவி, மாத்திரை அட்டை, கரண்ட் பில் அட்டை, பள்ளி டைரி, சார்ஜர். நாற்காலியில் கொடியிலிருந்து எடுத்த துணி. வாசலில் ஸ்கூல் பை. மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வரும். அந்தப் பட்டியல்தான் உங்களுக்குத் தேவையான பெட்டிகளின் கணக்கு.

மேஜையையே எடுத்துக்கொள்வோம். அதைக் காலியாக வைக்க முயற்சி செய்ய வேண்டாம். சுவரோரமாக ஒரு பக்கத்தில் விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை வையுங்கள், வீட்டில் இருப்பதே போதும். மேஜைக்கு வருவதெல்லாம் அதற்குள் மட்டும். உள்ளே ஒரு டபராவில் சாவி, ஒரு டம்ளரில் பேனா, தினசரி மாத்திரைக்கு ஒரு சிறு டப்பா. மாமியார் மாத்திரை சாப்பிடுவது சாப்பாட்டு நேரத்தில் என்றால் மாத்திரை மேஜையில்தான் இருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்குத் திறக்க வராத மூடியோடு. தாம்பாளம் நிரம்பி வழிந்தால் அன்றைக்கு அதை மட்டும் கொட்டிப் பிரித்தால் போதும், பத்து நிமிட வேலை.

மூடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் இந்த வேலைக்கு நான் வந்த புதிதில் அசோக் நகரில் ஒரு வீட்டுக்கு ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருபதுக்கும் மேல் மூடி போட்ட பெட்டிகள் வாங்கிக் கொடுத்து அடுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மூன்று மாதம் கழித்துப் போனால் மூடிகளெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன, பெட்டிகள்மேல் பொருள்கள் குவிந்திருக்கின்றன. மேல் பெட்டியை இறக்கி, கீழ்ப் பெட்டியின் மூடியைத் திறந்து, ஒரு கர்ச்சீப்பைப் போட்டு, மறுபடி மூடி அடுக்க எந்த வீட்டிலும் யாருக்கும் பொறுமை இருக்காது. அன்றிலிருந்து நான் மாற்றாத விதி இது: தினமும் எடுப்பதற்குத் திறந்த கூடை, மாதம் ஒருமுறை எடுப்பதற்கு மூடி போட்ட பெட்டி, வருடம் ஒருமுறை எடுப்பதற்குப் பரண்.

நாற்காலித் துணிக்கும் இதே விதிதான். காய்ந்த துணி நாற்காலியில் கிடப்பது மடிக்க நேரமில்லாததால் மட்டும் இல்லை, மடித்தாலும் பீரோவில் வைக்க இடமில்லாததால். பீரோ தட்டுகள் ஒரு கை நீளத்துக்கு ஆழமாக இருக்கும். முன்னால் உள்ள அடுக்கைத்தான் எல்லோரும் உடுத்துகிறோம், பின்னால் இருப்பது இருக்கிறதென்றே மறந்துபோகும். தட்டின் ஆழத்துக்குச் சரியான நீளக் கூடை இரண்டை உள்ளே வைத்தால் அதுவே இழுப்பறை ஆகிவிடும், இழுத்தால் பின்னால் உள்ளதும் முன்னால் வரும். துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். நடுவில் ஒன்றை உருவினால் அடுக்கு சரியாது. பெட்ஷீட், தலையணை உறை செட்டை அதே செட்டின் ஒரு உறைக்குள் மடித்துப் போட்டுவிட்டால் ஜோடி தேட வேண்டாம்.

வீட்டில் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கூடை வேண்டும். கொடியிலிருந்து வரும் துணியை நேரே அவரவர் கூடையில் போடுங்கள். ஏழாம் வகுப்பு வயதுப் பிள்ளை என்றால் தன் கூடையைத் தானே மடித்து வைக்கலாம். ஒருமுறை போட்டு மறுபடி போடப்போகும் ஜீன்ஸ், சுடிதார் இருக்கிறதே, அழுக்கும் இல்லை, சுத்தமும் இல்லை, அதுதான் நாற்காலியின் நிரந்தரக் குடித்தனக்காரர். அதற்குக் கதவின் மேல் விளிம்பில் மாட்டும் கொக்கி வரிசை வாங்குங்கள். ஆணி வேண்டாம், வீடு காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். வாங்கும் முன் கதவின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். கதவுக்கும் நிலைக்கும் இடைவெளி இல்லாவிட்டால் கொக்கி மாட்டிய பின் கதவு சாத்தாது.

ஒட்டும் கொக்கிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். டைல்ஸ் மேல் நன்றாகப் பிடிக்கும். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் ஒட்டினால் பெயின்ட்டோடு உரிந்து வரும், அட்வான்ஸில் பிடிப்பார்கள். சமையலறை, குளியலறை டைல்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டுப்புடவையைக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரிலேயே வைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே தங்கி, சரிகை கறுத்துவிடும். பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பாச்சை உருண்டை சரிகையில் படக் கூடாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள், இல்லாவிட்டால் மடிப்பிலேயே இற்றுப்போகும்.

சமையலறையில் முதலில் பார்சல் டப்பாக்களை மட்டும் தரையில் கொட்டுங்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் மூடி தேடுங்கள். மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி இரண்டும் வெளியே. ஜோடி சேர்ந்ததில் ஒரே அளவில் பத்து வைத்துக்கொண்டால் போதும், அவை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். மேடைக்குக் கீழே பாதி இடம் இதிலேயே கிடைத்துவிடும்.

உங்கள் அலமாரி, கடப்பாக் கல் பலகைகளாக இருக்கும் என்று நினைக்கிறேன், வாடகை வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு அடிக்கு மேல் உயரம் விட்டிருப்பார்கள். நம் டப்பாக்களோ முக்கால்வாசி அரை அடி உயரம். மேலே உள்ள அரை அடி வெறும் காற்று. அதில் கம்பி ஸ்டாண்ட் ஒன்றை நிறுத்தினால் ஒரு தட்டு இரண்டு தட்டாகிவிடும். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் பழைய மணைப்பலகை ஒன்றை இரண்டு கனமான டப்பாக்கள்மேல் வையுங்கள், அதே வேலையைச் செய்யும்.

வட்ட டப்பாவா சதுர டப்பாவா என்றால், இடத்துக்குச் சதுரம்தான். ஒரு வட்ட டப்பா தனக்கு வேண்டிய சதுர இடத்தில் 78 சதவீதத்தைத்தான் நிரப்பும், மீதி மூலைகளில் வீணாகும். அதற்காக நல்ல எவர்சில்வர் சம்படங்களைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கச் சொல்ல மாட்டேன். அரிசி, பருப்புக்கு அவை அருமையானவை. புதிதாக வாங்குவதை மட்டும் சதுரமாக வாங்குங்கள். மாதச் சாமானில் டப்பாவில் கொட்டியது போக மிஞ்சும் பாக்கெட்டுகளுக்கு ஒரே ஒரு கூடை ஒதுக்குங்கள். லிஸ்ட் எழுதும் முன் அந்தக் கூடையைப் பார்த்தால், இருக்கிற கடுகையே மறுபடி வாங்க மாட்டீர்கள்.

சிங்குக்கு அடியில் அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம். அட்டையின் மடிப்புகள் கரப்பான் பூச்சிக்கு வசதியான வீடு, அதில் உள்ள பசை அதற்குச் சாப்பாடு. வீட்டில் வேறெங்கும்கூட அட்டைப்பெட்டியைச் சில நாளுக்கு மேல் நிரந்தரமாக்காதீர்கள்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம். உங்களுடையது மடிப்பாக்கம், அதிலும் தரைத்தளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கத்து வீடுகள் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறது, அங்கே வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். மாடி வீட்டுக்காரர்களுக்கு அது நல்ல யோசனை. உங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் நனைந்தால் துவைத்துக் காயவைக்கக்கூடியது மட்டும் இருக்கட்டும்: மிதியடி, பழைய பெட்ஷீட், பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான். அதுவும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில். புத்தகம், ஆல்பம், மிக்ஸி போன்ற மின்சாரச் சாமான்கள் எதுவும் முழங்காலுக்குக் கீழே வேண்டாம்.

சான்றிதழ், பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், இன்ஷூரன்ஸ், மருத்துவமனைத் தாள்கள் எல்லாம் ஜிப் வைத்த ஒரே ஃபைலில், பீரோவின் மேல்தட்டில். அந்த ஃபைல் கைப்பையோடு தூக்கிக்கொண்டு கிளம்பும் அளவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்துக் கணவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள், மற்றதெல்லாம் மெதுவாக நடக்கலாம்.

மாமியாரின் பித்தளைக்கு வருவோம். வேலைக்கு ஆகாதது என்று நாம் எடைக்குப் போடச் சொல்லும் அண்டாவை அவர் தன் அம்மா வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருப்பார். அவர் ஊருக்குப் போயிருக்கும்போது காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவது பெரிய மனத்தாங்கலில்தான் முடியும். அவரையே உட்கார வைத்து, எல்லாவற்றையும் கீழே இறக்கி, அவர் கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். அவர் கதை சொல்வார், கேளுங்கள், அரை நாள் போனாலும் பரவாயில்லை. வைத்துக்கொள்ள வேண்டியவற்றைப் பெரிதுக்குள் சிறிதாக அடுக்கி, நடுவில் பழைய துணி வைத்துவிட்டால் ஐந்து பாத்திரம் ஒரு பாத்திரத்தின் இடத்தில் அடங்கும். பெரிய அண்டா ஒன்றைக் கூடத்தில் வைத்து அதற்குள் குடைகளையும் சுருட்டிய பாய்களையும் நிறுத்துங்கள். பரணில் அடைந்து கிடந்தது கண் முன்னால் இருப்பதில் அவருக்கும் சந்தோஷம்.

பரணில் டிவி, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகள் இருந்தால் இறக்கிவிடுங்கள். வீடு மாறும்போது உதவும் என்று டிவி பெட்டியை மட்டும் மடக்கித் தட்டையாக வைத்துக்கொள்வது சரி, மற்றவற்றுக்குப் பில்லும் வாரண்டி அட்டையும் போதும். கழித்தவற்றில் பேப்பரும் இரும்பும் பழைய பேப்பர் கடைக்கு. பழைய சார்ஜர், பேட்டரியைக் குப்பையோடு சேர்க்காமல் மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். மெத்தை, நாற்காலி மாதிரிப் பெரிய சாமானுக்கு 1913 எண்ணில் கேளுங்கள். போகிக்கு எரித்துக்கொள்ளலாம் என்று எதையும் சேர்த்து வைக்காதீர்கள், முக்கியமாக டயரும் பிளாஸ்டிக்கும்.

கணக்குக்கு வருகிறேன். விலை கடைக்குக் கடை மாறும், தோராயமாகச் சொல்கிறேன். திறந்த கூடை பத்து, 800 ரூபாய். கதவுக் கொக்கி இரண்டு, 500. கம்பி ஸ்டாண்ட் இரண்டு, 500. மூடி போட்ட பெரிய பெட்டி ஒன்று, 700. ஜிப் ஃபைல், 150. எல்லாம் சேர்த்து 2,650. பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் வாங்கினால் இன்னும் குறையும். போகும்போது அலமாரியின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் இன்ச் டேப்பில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலம் குறைத்துத்தான் கூடை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போனது வெளியே வராது.

மிச்சம் இருப்பது கொலு பொம்மை. இதற்குப் பெட்டி வாங்கவே வேண்டாம். அக்கம்பக்கத்தில் எங்காவது பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தால் இருபது லிட்டர் காலி வாளிகளை மூடியோடு கேட்டு வாங்குங்கள். நன்றாகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் போதும், ஈரமோ பூச்சியோ உள்ளே போகாது. சாப்பாட்டுச் சாமான் மட்டும் அதில் வைக்கக் கூடாது.

மண் பொம்மையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், சாயம் கரைந்துவிடும். காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, முதலில் பழைய வேட்டித் துணியிலும் அதற்கு மேல் செய்தித்தாளிலும் சுற்றுங்கள். தாள் நேராகப் பட்டால் அச்சு மை முகத்தில் ஒட்டும். கனமானது அடியில், மூக்கும் கையும் நீட்டிக்கொண்டிருப்பது மேலே. தசாவதாரம் பத்தும் ஒரே வாளியில், கல்யாண செட் ஒரே வாளியில் என்று பிரிக்காமல் வையுங்கள். மூடியில் எத்தனையாவது படி என்று பெரிதாக எழுதிவிடுங்கள். கீழ்ப்படி வாளிகளை முதலில் பரணின் உள்ளே தள்ளி, முதல் படி வாளியைக் கடைசியாக, வாசலோரம் வையுங்கள். மரப்பாச்சி ஜோடி அதில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். நவராத்திரிக்குப் பரண் ஏறியதும் மாமியார் முதலில் கேட்பது அதைத்தானே.