கரிக்கோலா, பென்சிலா?

நாலு வயது மகள் பென்சிலையும் ‘பேனா’ என்கிறாள், தாத்தா வேறு ‘கரிக்கோல்’ என்று குழப்புகிறார் என மன்னார்குடியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். தாத்தா சொல்வது சரிதாங்க.

படம் காட்டி ஒப்பிக்க வைக்காதீர்கள். இரண்டையும் கையில் கொடுத்து ஒவ்வொன்றாலும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அப்புறம் ரப்பர். அழிந்தால் பென்சில், அழியாமல் அடம்பிடித்தால் பேனா. சீவிய முனையை விரலில் தேய்த்தால் கறுப்பு ஒட்டும். கரிக்கோல் என்ற பெயர் தானாகப் புரிந்துவிடும். (உள்ளே இருப்பது ஈயம் இல்லை, கிராஃபைட்டும் களிமண்ணும். அதற்காகக் கடிக்க விடாதீர்கள்.)

தஞ்சாவூர் போனால் சரசுவதி மகாலில் ஓலைச்சுவடி காட்டுங்கள். எழுத்தாணியால் கீறி, மேலே கரி பூசித் துடைத்த எழுத்து அது. அதைப் பார்த்துவிட்டு வந்த என் பையன், கொல்லையில் கிடந்த தென்னங்கீற்றில் பென்சிலால் கீறிப் பார்த்துவிட்டு, “இது எழுதவே இல்லப்பா” என்று வந்து நின்றான்.