திரையில் ராகம் இல்லை

கேள்வி: சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பீடத்துக்கு மேலேயே பாட்டு வரி காட்டப் பெரிய திரை மாட்டிவிட்டார்கள். அதில் எழுத்துப்பிழைகள் வேறு. பாமாலை, கீர்த்தனைப் பாட்டுப் புத்தகங்கள் பீரோவுக்குள் போய்விட்டன. கண்ணை மூடி ஜெபிக்கவே முடியவில்லை. ஆனால் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் என் வீட்டுக்காரர் செல்போன் நேரலையில்தான் ஆராதனை பார்க்கிறார். நான் எந்த வாயால் எதிர்த்துப் பேச?

பதில்: அக்கா, கேமரா வேறு, திரை வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். அண்ணாச்சிக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கட்டிலுக்குக் கொண்டுவருவது கேமரா, அது இருக்கட்டும். ஆனால் நேரலை பார்த்தாயிற்றே என்று திருவிருந்தை, அந்த அப்பத்தையும் ரசத்தையும், விட்டுவிடாதீர்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்குப் போதகர் ஐயர் வீட்டுக்கே வந்து கொடுப்பது நம் சபைகளில் உள்ள வழக்கம்தானே. தயங்காமல் கேளுங்கள்.

திரைதான் எனக்கும் உறுத்தல். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் பிறந்தது நம் திருநெல்வேலியில். அவர் வழிவந்த கீர்த்தனைகளைப் புத்தகத்தில் திறந்தால், பாட்டின் தலைமாட்டிலேயே ராகமும் தாளமும் இருக்கும். பல்லவி எது, சரணம் எது என்று தெரியும். திரையில் வருவது இரண்டு வரி, பின்னால் ஒரு சூரிய உதயம். எத்தனையாவது சரணத்தில் நிற்கிறோம் என்பது கம்ப்யூட்டர் தட்டுகிற தம்பிக்கு மட்டும் வெளிச்சம். எங்கள் கோயிலில் ஒருநாள் அவன் ஒரு சரணத்தைத் தாண்டிவிட்டான். பாடகர் குழு புத்தகத்தைப் பார்த்து இரண்டாவதைப் பாட, நாங்கள் திரையைப் பார்த்து மூன்றாவதைப் பாட, கீபோர்டு வாசித்தவர் கையை எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்காகத் திரையே வேண்டாம் என்று நிற்காதீர்கள். கண்ணாடி போட்டும் புத்தக எழுத்து தெரியாத ஆச்சிமார் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். கமிட்டியில் இவ்வளவு கேளுங்கள்: திரை பக்கத்துத் தூணுக்குப் போகட்டும், புத்தகங்கள் பெஞ்சுக்குத் திரும்பட்டும், முதல் படத்தில் பாட்டின் எண்ணும் ராகமும் வரட்டும்.

பிழைகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். 'கருனை', 'கிறுபை' எல்லாம் பத்தடி உயரத்தில் மின்னினால் தமிழாசிரியைக்கு ஜெபம் எங்கே ஓடும்! சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தம்பியை லேப்டாப்போடு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். யுனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தது வேறு கம்ப்யூட்டரில் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். நீங்கள் வாசித்துத் திருத்திக் கொடுங்கள். அண்ணாச்சியின் கட்டில் பக்கத்திலேயே அவனை உட்காரவையுங்கள். நேரலைக்குக் கேமராவாக வைத்த செல்போனின் மைக்கிலேயே சத்தத்தையும் எடுத்தால் பிரசங்கம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். கோயில் மைக்குகள் சேரும் சவுண்ட் மிக்ஸரிலிருந்து நேராக ஒயர் இழுக்க வேண்டும். எந்த இடத்தில் காதில் விழவில்லை என்று அவனுக்குச் சொல்ல அண்ணாச்சிதான் சரியான ஆள்.