லோடு இறங்கும்போது கூட இருங்கள்

கேள்வி: இரண்டு, மூன்று வீடுகளை ஒரே நேரத்தில் கட்டித் தரும் சிறிய ஒப்பந்தக்காரன் நான். எஸ்டிமேட்டில் போட்டதைவிட மணலும் கம்பியும் கூடுதலாகப் போகின்றன. எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை.
- ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: தம்பி, பெரும்பாலும் லோடு இறங்கும் இடத்தில்தான் போகும். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) வந்தால், கொட்டுவதற்கு முன்பே டேப்போடு லாரி மேல் ஏறிவிடுங்கள். நடுவில் குவித்து ஓரம் பள்ளமாக இருக்கும். மட்டம் தட்டச் சொல்லி அளந்து பாருங்கள். உள்நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 100-ஆல் வகுத்தால் யூனிட். 14, 7, 3 அடி என்றால் 2.94 யூனிட். சீட்டில் மூன்றரை என்றிருந்தால் அங்கேயே திருத்தி வாங்குங்கள். கொட்டியபின் பேசினால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ஈர மணல் உப்பி நிற்கும், அதையும் மனதில் வையுங்கள்.

கம்பிக்கு, எம்.எம். கணக்கில் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்.எம். கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் ஒன்று 10.67 கிலோ. எண்ணிக்கையால் பெருக்கி எடைமேடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் முன்பின் இருக்கும். பெரிய வித்தியாசம் என்றால் கடைக்காரரிடம் கேட்கத் தயங்காதீர்கள், உங்கள் காசு அது.

சிமென்ட்டில் பழைய மூட்டை முதலில் போகட்டும். பலகை மேல், சுவரைத் தொடாமல், பத்துக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். மூன்று மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் கான்கிரீட்டில் போட வேண்டாம்.

சைட்டுக்கு ஒரு நோட்டு வேண்டும். இங்கிருந்து அங்கே ஐந்து மூட்டை போனாலும் இரண்டு நோட்டிலும் அன்றே ஏற வேண்டும். மேஸ்திரியிடம் அந்தச் சுமையைக் கொடுக்காதீர்கள். வேலை வாங்குவதே அவருக்குப் போதும்.